சென்னை கற்பித்ததும் இந்தியா மறந்ததும்

பன்னாட்டு மருத்துவக் கூட்டாய்வு என்றதும் மனத்தில் எழும் சித்திரம் பெரும்பாலும் ஒன்றே: அறிவும் நிதியும் செல்வ நாடுகளிலிருந்து வருகின்றன, நோயாளிகளும் தரவுகளும் ஏழை நாடுகளிலிருந்து செல்கின்றன. இச்சித்திரம் முழுப் பொய்யன்று. ஆயினும் இதற்கு நேர்மாறான சான்று இந்தியப் பொதுச் சுகாதார வரலாற்றிலேயே உண்டு. அதை மறந்ததற்கு நாடு கொடுத்த விலை சிறிதன்று.

1956இல் சென்னையில் காசநோய் வேதிசிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சி மன்றம் ஆகிய நான்கும் அதில் இணைந்தன. காசநோயாளிக்குச் சானடோரிய வாசமும் ஓய்வும் சத்துணவும் இன்றியமையாதவை என்பது அன்றைய மருத்துவ உலகின் உறுதியான நம்பிக்கை. இந்தியாவிலோ நோயாளிகளின் எண்ணிக்கைக்குப் படுக்கைகள் எவ்வகையிலும் ஈடாகவில்லை. நெரிசலான வீட்டில், குறைந்த உணவுடன் வாழும் ஏழை நோயாளி வீட்டிலிருந்தபடியே மருந்துண்டு குணமடைய முடியுமா? இக்கேள்வி இந்நாட்டின் தேவையிலிருந்தே பிறந்தது.

193 நோயாளிகள் இரு பிரிவாக்கப்பட்டனர். இரு பிரிவினருக்கும் ஒரே மருந்துகள் ஓராண்டு அளிக்கப்பட்டன. 1959இல் வெளியான முடிவு வியப்பளித்தது. வீட்டில் சிகிச்சை பெற்றோர் ஏறத்தாழ சானடோரியத்தில் இருந்தோருக்கு இணையாகவே குணமடைந்தனர். அவர்களது குடும்பத்தாருக்கும் கூடுதல் ஆபத்து நேரவில்லை. உலகெங்கும் சானடோரியங்களின் காலம் முடிவுக்கு வந்ததில் இவ்வாய்வுக்குப் பெரும்பங்கு உண்டு. ஏழை நாட்டின் நெருக்கடியில் விளைந்த பாடத்தைச் செல்வ நாடுகள் கற்றுக்கொண்டன.

வீட்டில் இருப்போர் மருந்தை ஒழுங்காக உட்கொள்கிறார்களா என்ற சிக்கலும் இம்மையத்திலேயே ஆராயப்பட்டது. மருந்துண்பதை நேரில் கண்காணிக்கும் முறை சென்னையிலும் ஹாங்காங்கிலும் நடந்த ஆய்வுகளில் உருப்பெற்றது. ஆனால் இந்தியாவின் தேசியத் திட்டம் வீட்டுச் சிகிச்சையை ஏற்றுக்கொண்ட அளவுக்குக் கண்காணிப்பை ஏற்கவில்லை. 1992இல் அத்திட்டம் மறுஆய்வு செய்யப்பட்டபோது, சிகிச்சையை முடித்தவர்கள் பாதிக்கும் குறைவு என்பது தெரியவந்தது. பின்னர் உலக வங்கிக் கடனுதவியுடன் 1997இல் விரிவாக்கப்பட்ட ‘டாட்ஸ்’ முறை பலர் கண்ணுக்கு வெளிநாட்டு இறக்குமதியாகவே தோன்றியது. அதன் வேர்களில் ஒன்று சென்னையிலேயே இருந்தது.

இதைக் கொண்டு ‘எல்லாம் நம்முடையதே’ எனப் பெருமை பேசுவதும் பிழையாகும். கண்காணிப்பு என்ற கருத்தை மாவட்ட அளவில் பதிவேடு, மருந்து வழங்கல், மேற்பார்வை ஆகியவற்றோடு பிணைத்து நாடு தழுவிய அமைப்பாக்கியது 1970களின் இறுதியில் தான்சானியாவில் தொடங்கிய திட்டமே. கரெல் ஸ்டிப்லோ அதை வழிநடத்தினார். சென்னை ஒரு கருத்தை மெய்ப்பித்தது; தான்சானியா அதை நடைமுறையாக்கியது. ஆய்வுமுடிவு தானாகவே சுகாதார அமைப்பாகிவிடாது என்பதே இவ்விரண்டையும் சேர்த்துப் படிப்போர் பெறும் பாடம்.

எனவே இன்றைய கூட்டாய்வு ஒப்பந்தங்களை நிதியின் அளவாலோ கட்டுரைகளின் எண்ணிக்கையாலோ மதிப்பிடுதல் போதாது. மூன்று வினாக்கள் எழுப்பப்பட வேண்டும். ஆய்வுக்கேள்வியை வகுத்தவர் யார்? திட்டக்காலம் முடிந்தபின் நிறுவனமும் பயிற்சி பெற்றோரும் இங்கே நிலைப்பார்களா? கண்டறிந்ததை ஏற்று, இரு தரப்பும் தத்தம் சுகாதார அமைப்பில் எதை மாற்றிக்கொள்ளப் போகின்றன?

சென்னை மையம் முதலிரு வினாக்களுக்கும் நல்ல விடையளித்தது. அது இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக நீடிக்கிறது. மூன்றாம் வினாவுக்கு விடையளிக்கத் தவறியது இந்திய ஆட்சியமைப்பே. அத்தவற்றின் சுமையைத் தாங்கியவர்கள் சிகிச்சையை இடையில் கைவிட்ட நோயாளிகள். பிறரிடமிருந்து கற்க மறுப்பது எவ்வளவு குறையோ, தான் கண்டறிந்ததைத் தானே கற்க மறுப்பதும் அவ்வளவு குறையே. ஆய்வு மாணவர்கள் இரண்டாவது குறையையும் கூட்டாய்வு வரலாற்றின் பகுதியாகவே படிக்க வேண்டும்.