விற்ற நூலில் வேவு எதற்கு?

கிண்டிலில் காசு கொடுத்து ஒரு நூல் வாங்குகிறோம். எந்தப் பக்கம்வரை படித்தோம், எந்த வரியை அடிக்கோடிட்டோம், ஓரத்தில் என்ன குறித்து வைத்தோம் என்பதெல்லாம் அமேசானின் சர்வருக்குப் போய்ச் சேர்கின்றன. ஒரு கருவியில் விட்ட இடத்தை இன்னொன்றில் தொடரலாம் என்ற வசதியின் பெயரில் இது நடக்கிறது. நாம் கேட்காமலே அந்த வசதி இயங்கிக் கொண்டிருக்கும். வேண்டாதவர்தான் அமைப்புகளுக்குள் தேடிப் போய் அணைக்க வேண்டும். கிண்டில் அன்லிமிடெட் என்ற சந்தாத் திட்டத்தில் 2015 முதல், வாசிக்கப்பட்ட பக்கங்களின் கணக்கைப் பார்த்தே எழுத்தாளர்களுக்குப் பணம் தரப்படுகிறது. வாசிப்பு பக்கம் பக்கமாக எண்ணப்படுகிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

ஒருவர் எந்த நோயைப் பற்றிப் படிக்கிறார், எந்த அரசியலை நாடுகிறார், எந்த மதத்தை ஆராய்கிறார் என்பது அவருடைய மனத்தின் வரைபடம். வாசகர் தெளிவாக ஒப்புக்கொள்ளாமல் அதை வரைந்து வைக்கும் வணிக முறையை வன்மையாகக் கண்டிக்கிறோம்.

வேவு ஒருபுறம் இருக்க, வாங்கிய நூலும் நம் கையில் நிற்பதில்லை. 2009 ஜூலையில் ஜார்ஜ் ஆர்வெல்லின் ‘1984’, ‘விலங்குப் பண்ணை’ நூல்களின் பிரதிகளை வாசகர்களின் கருவிகளிலிருந்தே அமேசான் தொலைவிலிருந்து அழித்தது. அமேசான் கடையில் அவற்றை ஏற்றி விற்றவருக்குப் பதிப்புரிமை இல்லை என்பது காரணம். பணம் திரும்பியது, ஜெஃப் பெசோஸ் மன்னிப்பும் கேட்டார். 2019இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்நூல் கடையை மூடியபோது, வாங்கியவர்களுக்குப் பணம் திரும்பியது, நூல்கள் மறைந்தன. 2025 பிப்ரவரி 26 அன்று, வாங்கிய நூலைக் கணினியில் இறக்கி யூஎஸ்பி வழியாகக் கருவிக்கு மாற்றும் வசதியையும் அமேசான் நீக்கியது. மாட்டை விற்ற பிறகும் மூக்கணாங்கயிற்றை விடாத வியாபாரம் இது.

குற்றம் ஒரு நிறுவனத்தோடு முடியவில்லை. அடோபியின் டிஜிட்டல் எடிஷன்ஸ் மென்பொருள் வாசிப்பு விவரங்களை மறையாக்கம்கூடச் செய்யாமல் அனுப்பியது 2014இல் வெளிப்பட்டது. இபப் என்ற பொது வடிவ மின்நூல் கோப்புகளைத் தடையின்றித் திறக்கும் கோபோ கருவியும், முதல்முறை இயக்கும்போது கணக்கு தொடங்கச் சொல்கிறது.

‘பிடிக்காதவர் வாங்காமல் இருக்கட்டும்’ என்று சிலர் வாதிடலாம். ஆனால் பல தமிழ் நூல்களின் மின்பதிப்பு கிண்டிலைத் தவிர வேறெங்கும் கிடைப்பதில்லை. தாமே நூலை ஏற்றி அன்லிமிடெட்டில் சேரும் பதிப்பாளர், குறைந்தது 90 நாள் அந்த மின்பதிப்பை வேறெங்கும் தரக்கூடாது என்பது அமேசானின் நிபந்தனை. வேறு கடையே இல்லாத இடத்தில் விருப்பம் என்ற பேச்சுக்கு என்ன பொருள்?

எனவே நிறுவனங்கள் உடனடியாகச் சிலவற்றைத் திருத்த வேண்டும். வாசிப்பு விவரம் அனுப்புவதை, வாசகர் கேட்டால் மட்டும் இயக்க வேண்டும். கணக்கும் இணையமும் இல்லாமல் சொந்தக் கோப்புகளைப் படிக்க விட வேண்டும். கணினியில் இறக்கி யூஎஸ்பி வழியாக மாற்றும் வசதியைத் திரும்பத் தர வேண்டும். தருவது உரிமம் மட்டுமே என்றால் அதை விலைக்குப் பக்கத்திலேயே சொல்ல வேண்டும். கலிபோர்னியாவில் 2025 ஜனவரி முதல் இதற்குச் சட்டமே இருக்கிறது.

மத்திய அரசுக்கும் கடமை உண்டு. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017இல் தீர்ப்பளித்தது. 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம், குறிப்பிட்ட நோக்கத்துக்குத் தேவையான தரவுக்கு மட்டுமே ஒப்புதல் செல்லும் என்கிறது. ஒப்புதல் அறிவிப்பைத் தமிழ் உள்ளிட்ட எட்டாம் அட்டவணை மொழிகளில் பெறும் வாய்ப்பையும் தருகிறது. விதிகள் 2025 நவம்பரில்தான் வெளிவந்தன. முக்கியக் கடமைகளுக்கு மேலும் 18 மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். அந்த அவகாசம் முடியும் நாளிலாவது மின்நூல் கடைகளிடம் அரசு கணக்குக் கேட்க வேண்டும்.

தமிழ்ப் பதிப்பாளர்களும் கைகட்டி நிற்க முடியாது. கிண்டிலில் நூலை ஏற்றும்போது நகலெடுப்பதைத் தடுக்கும் டிஜிட்டல் பூட்டுப் போடுவதா வேண்டாமா என்பதைத் தேர்ந்தெடுப்பவர்கள் அவர்களே. அன்லிமிடெட்டில் சேர்க்காத நூலின் பூட்டில்லாத இபப் கோப்பைத் தங்கள் தளத்தில் நேரடியாக விற்க எந்தத் தடையும் இல்லை. 1998 முதல் மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களைப் பூட்டின்றி இலவசமாகவே வழங்கி வருகிறது.

இவையெல்லாம் நடக்கும்வரை வாசகர்கள் ஏமாற வேண்டாம். கருவி வாங்குமுன் கடைக்காரரிடம் கேளுங்கள்: கணக்கு இல்லாமல் இயங்குமா, வைஃபையை அணைத்து வைத்தே படிக்கலாமா, இபப் கோப்பைக் கேபிள் வழியாக ஏற்றலாமா? பாக்கெட்புக் போன்ற கருவிகளில் இவை இயலும். காலிபர் என்னும் இலவச மென்பொருள் இருந்தால் முழு நூலகத்தையும் சொந்தக் கணினியிலேயே வைத்துப் பராமரிக்கலாம். மூன்று கேள்விக்கும் ‘ஆம்’ என்ற பதில் வராத கருவிக்குக் காசு கொடுக்காதீர்கள். விற்பனை சரிந்தால்தான் இந்த நிறுவனங்கள் திருந்தும்.