இன்றைய தேதியில் ஒரு பழைய கணக்கு

பொட்டி தட்டுறதுதான் நமக்குப் பொழப்புன்னு இங்க வர்ற எல்லாருக்கும் தெரியும். ஆனா ஆபீஸ் மேட்டரை இங்க எழுதுறதில்லைன்னு ஒரு கொள்கை வச்சிருந்தேன். இன்னிக்கு அதை உடைக்கிறேன். என் தப்பைச் சொல்றதுல கொள்கை என்ன வேண்டிக் கிடக்கு?

கதை இதுதான். பம்ப்செட் உதிரி பாகங்கள் விக்கிற ஒரு கம்பெனிக்கு, கையிருப்பு ரிப்போர்ட் ஒண்ணு செஞ்சு கொடுத்தேன். ராத்திரி பில்லிங் கணக்கெல்லாம் டேட்டா வேர்ஹவுஸ்ல வந்து இறங்கும். வேர்ஹவுஸ்னதும் குடோன்னு நினைச்சுக்காதீங்க, பல இடத்துக் கணக்கையும் ஒரே ஒழுங்குல சேர்த்து வைக்கிற டேட்டாபேஸ். அதோட பவர் பிஐயை இணைச்சேன். நடுவுல கையிருப்பு டேபிள், சுத்தி பொருள், குடோன், தேதின்னு மூணு டேபிள். இந்த அமைப்புக்கு ஸ்டார் ஸ்கீமான்னு பேரு. பப்ளிஷ் பட்டனை அழுத்தினதும் மாடலும் ரிப்போர்ட்டும் இணையத்துக்குப் போயிருச்சு. சர்வர் ஆபீஸுக்குள்ள இருக்கிறதால இடையில ஒரு கேட்வே. தினமும் காலை 6 மணிக்கு ரெஃப்ரெஷ். சேல்ஸ் பசங்க எல்லார் போன்லயும் ரிப்போர்ட். ஒரே பாராட்டு மழை. நானும் காலரைத் தூக்கி விட்டுக்கிட்டு ஊர்த் திருவிழாவுக்கு லீவு போட்டுட்டுக் கிளம்பிட்டேன் :-)

வியாழக்கிழமை சாயங்காலம் டேட்டாபேஸ் பாஸ்வேர்டை மாத்தியிருக்காங்க. வழக்கமா மாத்துறதுதான். கேட்வேல பழைய பாஸ்வேர்டே இருந்ததால வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள் நாலு நாளும் ரெஃப்ரெஷ் ஃபெயில். தொடர்ந்து நாலு தடவை ஃபெயில் ஆனா பவர் பிஐ அந்த அட்டவணையையே நிறுத்திரும். மெயில் அனுப்பாமலா இருந்துச்சு? அனுப்புச்சு. மாடலோட சொந்தக்காரன் நான்தான், எனக்குத்தான் வந்துச்சு. அந்த மாதிரி மெயிலெல்லாம் தனியா ஒரு மூலைக்குப் போற மாதிரி நானே செட் பண்ணி வச்சிருந்தேன். ஹி ஹி.

இதுவரைக்கும் சிரிக்கலாம். செவ்வாய்க்கிழமை நடந்தது சிரிக்கிற விஷயமில்லை.

சேல்ஸ் பையன் ஒருத்தன் போனைப் பார்த்துட்டு, மெக்கானிக்கல் சீல் 112 பீஸ் இருக்குன்னு ஒரு மில்லுக்கு வாக்கு கொடுத்துட்டான். குடோன் அண்ணனுக்குச் சொன்னா, அவர் "ஒண்ணு கூட இல்லைங்க"ங்கிறார். விஷயம் மேனேஜர்கிட்ட போச்சு. மேனேஜர் ரிப்போர்ட்டைத் திறந்தார். மேல பளிச்னு அன்னிக்குத் தேதி, கீழ 112. "அப்ப 112 பீஸ் எங்க போச்சு?"ன்னு நாலு பேர் முன்னாடி கேட்டுட்டார்.

கேள்வி சாதாரணக் கேள்விதான். ஆனா 22 வருஷமா குடோன் சாவியை வச்சிருக்கிற மனுஷன்கிட்ட கேட்டா அதோட அர்த்தமே வேற. அவர் தன் நோட்டைக் கொண்டு வந்து காட்டியிருக்கார். வெள்ளிக்கிழமை 100 பீஸ் லாரியில ஏத்தினது, திங்கக்கிழமை 12 போனது, ரெண்டும் எழுதியிருக்கு. "கையால யார் வேணும்னாலும் எழுதலாமே"ன்னு பதில் வந்துச்சாம். பில்லிங் சாஃப்ட்வேரைத் திறந்திருந்தா ஒரு நிமிஷத்துல தீர்ந்திருக்கும். கலர் கலரா ஒரு ரிப்போர்ட் கண்ணு முன்னாடி இருக்கும்போது அது யாருக்கும் தோணலை.

புதன்கிழமை நான் வந்து பார்த்து, பாஸ்வேர்டை மாத்தி, ரெஃப்ரெஷ் கொடுத்தேன். 112 சுழியம் ஆச்சு. மேனேஜர் அண்ணன்கிட்ட வருத்தம் தெரிவிச்சார். நானும் குடோனுக்குப் போய் "தப்பு என்னோடதுங்ணா"ன்னேன். அவர் சொன்ன பதில் இன்னும் காதுல இருக்கு. "உங்க மிஷின் பொய் சொன்னதுகூடப் பரவாயில்லீங் தம்பி. நான் சொன்னதை யாரும் கேக்கலீங்களே."

இப்ப நம்ம துறை ஆளுங்களுக்கு. இது பாஸ்வேர்டு பிரச்சினை இல்லை. நான் செஞ்ச ரிப்போர்ட்டே பொய் சொல்ற மாதிரி செஞ்ச ரிப்போர்ட். எப்படின்னு பாருங்க.

கையிருப்பை விற்பனை மாதிரி நாளுக்கு நாள் கூட்டக் கூடாது. திங்கக்கிழமை 10, செவ்வாய்க்கிழமை 10 இருந்தா மொத்தம் 20 ஆகாது. அதனால டேட்டால இருக்கிற கடைசித் தேதியோட கணக்கை எடுன்னு ஃபார்முலா எழுதியிருந்தேன். அது சரிதான். ஆனா டேட்டா வியாழக்கிழமையோட நின்னுட்டா அதுக்கு வியாழக்கிழமைதான் கடைசித் தேதி. முணுமுணுக்காம அதையே காட்டும்.

அதைவிடக் கேவலம் மேல இருந்த தேதி. அழகா இருக்கட்டுமேன்னு டுடே ஃபங்ஷனை வச்சு ஒரு மெஷர் போட்டிருந்தேன். அது ரிப்போர்ட்டைத் திறக்கிற நாளைக் காட்டும், டேட்டா எந்த நாளோடதுன்னு காட்டாது. பழைய சோத்துக்குப் புது இலை போட்ட கதை. போதாததுக்கு, இணையத்துல அது யூடிசி நேரத்துல ஓடும். நம்மூர்ல காலை 5:30 வரைக்கும் நேத்துத் தேதிதான் காட்டும்.

சிலர், "டைரக்ட் க்வெரி போட்டிருந்தா இந்தத் தொல்லையே இல்லையே"ம்பீங்க. பாஸ்வேர்டு தப்பா இருந்தா அது பிழைச் செய்தி காட்டியிருக்கும், உண்மைதான். ஆனா வேர்ஹவுஸுக்கே கணக்கு ராத்திரிதானே வருது? அந்த ராத்திரி வேலை ஒரு நாள் நின்னு போனா, டைரக்ட் க்வெரியும் பழைய கணக்கைத்தான் சுடச்சுடக் கொண்டு வந்து வைக்கும். அதனால ரெஃப்ரெஷ் நேரத்தைக் காட்டினாலும் பத்தாது. கணக்கு வேர்ஹவுஸ்ல இறங்கின நேரத்தை வேர்ஹவுஸே ஒரு டேபிள்ல எழுதி வைக்கணும், ரிப்போர்ட் அதை எடுத்துக் காட்டணும்.

இப்ப அப்படித்தான் செஞ்சிருக்கேன். "இந்தக் கணக்கு இந்த நேரம் வரைக்குமானது"ன்னு மேல பெரிய எழுத்துல வரும். 24 மணி நேரம் தாண்டினா சிவப்பாயிரும். ரெஃப்ரெஷ் ஃபெயில் மெயில் இன்னும் மூணு பேருக்குச் சேர்த்துப் போகுது. இதெல்லாம் அரை நாள் வேலை. முதல்லயே செய்யாததுக்குக் காரணம் சோம்பேறித்தனம் இல்லை. அசிங்கமா இருக்கும்னு நினைச்சேன், அவ்வளவுதான்.

ஆனா எனக்கு நிஜமா உறுத்துறது வேற. அந்த ரிப்போர்ட்டைப் பார்க்கிற உரிமை சேல்ஸுக்கு இருந்துச்சு, மேனேஜருக்கு இருந்துச்சு. யார் குடோனைப் பத்தின ரிப்போர்ட்டோ, அந்த அண்ணனுக்கு இல்லை. ஆளுக்கொரு லைசென்ஸ் காசுன்னு நான்தான் பட்டியல்ல இருந்து அவர் பேரை அடிச்சேன். அவர் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு தடவை பார்த்திருந்தா, "இது நேத்துக் கணக்குங்க"ன்னு அப்பவே சொல்லியிருப்பார். எந்த மெயிலும் தேவைப்பட்டிருக்காது.

ஒருத்தரோட வேலையை எண்ணாக்கி ஊருக்குக் காட்டுறோம்னா, முதல்ல அவருக்குக் காட்டணும். தப்புன்னு சொல்ல அவருக்கு ஒரு வழி இருக்கணும். அது இல்லாம பப்ளிஷ் பண்றது, ஒருத்தர் முதுகுக்குப் பின்னாடி புகார் எழுதி ஒட்டுற மாதிரிதான்.

அண்ணனுக்கு லைசென்ஸ் வாங்கியாச்சு. தினமும் காலைல பார்த்துட்டு எனக்கு போன் பண்றார். போன வாரம் ரெண்டு பேரிங் கணக்குல தப்புன்னார். பார்த்தேன். தப்புதான்.