எஃப்2 விசையும் ஆய்வு நெறிமுறையும்

‘குறுக்குவழி’ என்னும் சொல்லுக்குத் தமிழில் நற்பெயர் இல்லை. குறுக்குவழியில் பட்டம் பெற்றார், குறுக்குவழியில் பொருள் சேர்த்தார் என்று ஏச்சுப்பொருளிலேயே அதைப் பெரிதும் வழங்குகிறோம். கணினி விசைகளுக்கும் அச்சொல்லே வாய்த்துவிட்டது. அதனாலோ என்னவோ, கோப்புகளையும் கோப்புறைகளையும் விசைப்பலகையால் கையாளும் பழக்கத்தை அலுவலக எழுத்தரின் கைவேகமாக மட்டும் கருதும் மனப்பான்மை மொழி, இலக்கியத் துறைகளில் நிலவுகிறது. அப்பழக்கம் ஆய்வு முறையியலின் ஒரு பகுதி என்பதே என் கருத்து.

களப்பணியை எண்ணிப் பாருங்கள். ஒலிப்பதிவுக் கருவி தன் கோப்புகளுக்குத் தானே பெயரிடுகிறது: ஒரு வரிசை எண், அல்லது நாளும் நேரமும் சேர்ந்த ஓர் இலக்கத் தொடர். பேசியவர் யார், எந்த ஊர், எந்த வினாநிரல் என்பன அப்பெயரில் இரா. நூறு கோப்புகளைச் சுட்டியால் ஒவ்வொன்றாகச் சொடுக்கிப் பெயர்மாற்றுவது பத்தாவது கோப்பிலேயே சலிப்பூட்டும், வேலை ஒத்திவைக்கப்படும். ஒத்திவைத்த பெயரிடல் நினைவை மட்டுமே நம்பியிருக்கும். நினைவு மங்கிய பின், எந்தக் குரல் எந்தத் தகவலாளியுடையது என்பது ஊகமாகிவிடும். ஊகத்தின்மேல் எழும் கிளைமொழி ஆய்வுக்கு என்ன மதிப்பு?

விண்டோசில் ஒரு கோப்பைத் தெரிவுசெய்து எஃப்2 விசையை அழுத்தினால் அதன் பெயர் திருத்தத்திற்குத் திறக்கும். கோப்பின் வகையைக் காட்டும் பின்னொட்டை விட்டுப் பெயர்ப்பகுதி மட்டுமே தெரிவாகும். புதுப்பெயரைத் தட்டியபின் என்டருக்குப் பதிலாக டேப் விசையை அழுத்தினால் அடுத்த கோப்பின் பெயர் திறந்து நிற்கும். நூறு கோப்புகளையும் கை பெயராமல் முடித்துவிடலாம். தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில், 2024-03-07 என்பதுபோல் முன்னால் இட்டால், பெயர்வரிசையே காலவரிசையாகிவிடும். நாளை முதலில் எழுதினால் எல்லா மாதங்களின் ஏழாம் தேதிகளும் ஒன்றாகக் குவியும்.

பெயரிடுவதற்கு உரிய காலமும் உண்டு. நம்மில் பலர் பயன்படுத்தும் ஈலான் மென்பொருள், ஒலியைத் தன் குறிப்புக் கோப்புக்குள் வைத்துக்கொள்வதில்லை. அது இருக்கும் இடத்தையும் பெயரையும் மட்டுமே குறித்துவைக்கிறது. குறிப்பெழுதிய பின் ஒலிக்கோப்பின் பெயரை மாற்றினால் இணைப்பு அறுந்து, கோப்பு எங்கே என்று அது நம்மையே கேட்கும். ஆதலின் முதலில் பெயர், பிறகு குறிப்பு.

அழித்தலில் இன்னும் கவனம் வேண்டும். டெலீட் விசை கோப்பை மறுசுழற்சித் தொட்டிக்கு அனுப்புகிறது. ஷிஃப்டுடன் சேர்த்து அழுத்தினால் தொட்டியைத் தாண்டி நிரந்தரமாக நீக்குகிறது. பென்டிரைவில் உள்ள கோப்புகளுக்குப் பொதுவாக அத்தொட்டியும் இல்லை. வெறும் டெலீட்டே அங்கு இறுதித் தீர்ப்பு. தொண்ணூறு வயது மூதாட்டி ஒருவரின் பேச்சு அழிந்துபோனால் மறுபதிவுக்கு அவர் இருப்பார் என்று யார் உறுதி கூற முடியும்?

இதற்கு மாறாக, தேவையற்ற அச்சமும் உண்டு. உரையில் கன்ட்ரோல், எக்ஸ் அழுத்தினால் சொற்கள் அக்கணமே மறைகின்றன. கோப்பில் அதையே செய்தால் அது மங்கி நிற்குமே தவிர, வேறிடத்தில் ஒட்டும்வரை நகர்வதில்லை. ‘வெட்டு’ என்ற ஒரே சொல் இவ்விரு பொருளையும் சுமக்கிறது. மேக் கணினியின் ஃபைண்டரில் கோப்பை முதலில் நகலெடுத்து, ஒட்டும்போது கமாண்ட், வி என்பவற்றுடன் ஆப்ஷன் விசையையும் சேர்த்தால்தான் அது இடம்பெயரும். இவ்வேறுபாட்டை விளக்கினால் அச்சம் தானே அகலும்.

“தேடுபொறி இருக்கும்போது ஒழுங்கு எதற்கு?” என்பர் சிலர். பெயரில் இல்லாததைப் பெயரால் தேட இயலாது என்பது முதல் மறுமொழி. இரண்டாவது, தமிழுக்கே உரியது. ‘கொ’ என்ற எழுத்தின் உயிர்க்குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம். கொம்பு, கால் என இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. விண்டோசின் கோப்பு முறைமைக்கோ அவை இருவேறு பெயர்கள். கட்டுப்பாடான பெயரிடல் இல்லாத இடத்தில் தேடலும் கைவிடும்.

பார்வையற்ற ஆய்வாளர்களை எண்ணினால் ‘குறுக்குவழி’ என்ற பெயரே பிழையெனத் தோன்றும். என்விடிஏ போன்ற திரைவாசிப்பு மென்பொருளுடன் பணிபுரிவோர்க்கு விசைப்பலகையே நெடுஞ்சாலை. சுட்டியால் அவர்க்குப் பயன் மிகக் குறைவு. சுட்டியை மட்டும் கொண்டு நடத்தப்படும் கணினிப் பயிற்சி அவர்களை வகுப்பின் வாசலிலேயே நிறுத்திவிடுகிறது.

இவையெல்லாம் ஆங்கிலவழியில் பயின்றோர்க்கே எளிது என்ற எண்ணமும் பொருந்தாது. எஃப்2, டேப், டெலீட் விசைகளைப் பயன்படுத்த எந்த மொழியறிவும் வேண்டா. இசட், எக்ஸ், சி, வி நான்கும் விசைப்பலகையின் கீழ்வரிசையில் அடுத்தடுத்து அமைந்தவை. விரல் அவற்றை இடத்தால் அறிகிறது. தமிழ்நாட்டுக்கு வெளியே, பல மொழியினர் கூடிப் பயிலும் துறையொன்றில் இருந்து இதைச் சொல்கிறேன்: ஆய்வகக் கணினியின் பட்டியல்கள் இந்தியில் இருந்தாலும் ஆங்கிலத்தில் இருந்தாலும் எஃப்2 செய்யும் வேலை ஒன்றுதான்.

பல்கலைக்கழக மானியக் குழு 2019-இல், முனைவர் பட்ட ஆய்வாளர்களுக்கு ஆய்வு மற்றும் வெளியீட்டு நெறிமுறை பற்றிய 30 மணிநேரப் பாடமொன்றை வகுத்தது. கருத்துத் திருட்டு, போலித் தரவு, மேற்கோள் அளவீடு எல்லாம் அதில் உண்டு. அதன் 6 அலகுகளில் தரவைப் பெயரிட்டு, அடுக்கி, காத்துவைப்பதற்கென ஓர் அலகு இல்லை. பொய்த்தரவு புனைவது குற்றம் என்று கற்பிக்கிறோம். மெய்த்தரவு தொலையாதிருக்கும் வழியைக் கற்பிக்க மறக்கிறோம்.

துறைத்தலைவர்களும் நெறியாளர்களும் புதிய ஆய்வாளர்களின் முதற்பருவத்தில் இதற்கென இரண்டு மணிநேரம் ஒதுக்கலாம். கணினியும் சில மாதிரிக் கோப்புகளும் போதும். தனி நிதி வேண்டா. நம்மை நம்பித் தம் குரலை ஒப்படைத்தவர்க்கு நாம் ஆற்றவேண்டிய முதற்கடன், அக்குரலை அவர் பெயரோடு பிழையின்றிச் சேர்த்துக் காப்பதே.