சாயங்காலம் ஏழு மணிக்கு டாக்டர் எங்கே?



என் சட்டைப்பையில் ரயில்வே மருத்துவ அட்டை இருக்கிறது. உடம்புக்கு முடியவில்லை என்றால் ரயில்வே டாக்டரிடம் போவேன், காசு கேட்கமாட்டார்கள். எங்கள் பின்சந்தில் குடியிருக்கும் தங்கைக்கு அப்படி ஓர் அட்டை இல்லை. நான்கு வீடுகளில் பாத்திரம் துலக்குகிறவர். பையனுக்குக் காய்ச்சல் கண்டபோது, அவர் வேலை முடிந்து திரும்புவதற்குள் சர்க்கார் கிளினிக் பூட்டியாகிவிட்டது. மூன்று நாள் மெடிக்கல் ஷாப் மாத்திரையிலேயே ஓட்டினார். நான்காம் நாள் லீவு போட்டுத் தனியார் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினார். "டாக்டர் பீஸைக்கூடத் தாங்கிக்கலாம் அண்ணா, ரெண்டு வீட்டுல சம்பளத்தைப் பிடிச்சுட்டாங்க" என்றார்.

தொம்மலூரில் டாக்டருக்குப் பஞ்சம் என்று சொன்னால் ஊர் சிரிக்கும். ராணுவத்தாருக்குக் கமாண்ட் ஹாஸ்பிடல் பக்கத்திலேயே இருக்கிறது. இந்திராநகரில் ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி. பணமுள்ளவர்களுக்குப் பழைய விமான நிலையச் சாலையில் கண்ணாடி மாளிகைகள். ஆனால் ஈ.எஸ்.ஐ. யாருக்கு? பத்துப் பேராவது வேலை செய்யும் இடத்தில், 21,000 ரூபாய்க்கு மேற்படாத சம்பளத்தில், பதிவேட்டில் பெயர் ஏறியவருக்கு. வீட்டுவேலை செய்யும் பெண்ணும், மேஸ்திரி நோட்டில் மட்டும் பெயருள்ள சித்தாளும் எந்தப் பதிவேட்டில் இருக்கிறார்கள்?

வேல்ஸ் நாட்டு நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரிடையே வைத்தியம் பார்த்த ஜூலியன் டியூடர் ஹார்ட் என்ற டாக்டர், 1971-ல் இதை ஒரு விதியாகவே எழுதினார். வைத்தியம் அதிகம் தேவைப்படும் இடத்தில்தான் நல்ல வைத்தியம் குறைவாகக் கிடைக்கிறது. சந்தையின் கையில் விட்டால் நிலைமை இன்னும் மோசமாகும் என்றார். அவர் தொம்மலூரைப் பார்த்ததில்லை.

நம் பெண்களைப் பிரசவத்துக்குத் தர்மபுரிக்கும் திருவண்ணாமலைக்கும் அனுப்புகிறோமே, தாய்வீட்டு வழக்கம் மட்டுமா காரணம்? அங்கே ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரவிலும் பிரசவம் பார்க்க நர்ஸ் இருப்பார் என்ற நம்பிக்கையும் காரணம். அது தானாக வந்ததல்ல. சென்னை மாகாணத்தில் 1939-லேயே பொதுச் சுகாதாரச் சட்டம் வந்தது. கிராமத்தில் வேலை செய்யும் சர்க்கார் டாக்டருக்கு மேற்படிப்பில் தனி இடம் வைத்தார்கள். அதை டில்லி விதிகள் தடுத்தபோது டாக்டர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். மாநிலத்துக்கு அந்த உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. மறு வருஷம், 2021 ஆகஸ்டில், வீட்டு வாசலுக்கே மருந்து கொண்டுபோகும் திட்டத்தைத் தொடங்கிய சாமனப்பள்ளி, நமக்குப் பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டம்தான். ஜவ்வாது மலையில் இருப்பவரைக் கேட்டால் வேறு கதை சொல்வார், அதுவும் உண்மை.

இதைச் சொன்னதும் நம்மில் சிலருக்கு மீசை துடிக்கிறது: "பார்த்தாயா எங்கள் ஊரை!" அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை. நம் வரிசைக்கு எதிரே தகர ஷெட்டில் இருக்கும் ராய்ச்சூர், யாத்கிரி குடும்பங்களைப் பாருங்கள். நமக்காவது திரும்பிப் போனால் ஒரு டாக்டர் உண்டு. அவர்கள் விட்டுவந்த ஊரிலும் டாக்டர் அரிது. 2002-ல் நஞ்சுண்டப்பா குழு இந்த மாநிலத்தின் 175 தாலுகாக்களில் 114-ஐப் பின்தங்கியவை என்றது. மிக மிகப் பின்தங்கியவை 39. அவற்றில் 21 அன்றைய குல்பர்கா கோட்டத்தில் மட்டும். தனியார் மருத்துவக் கல்லூரிக்கு 1953-லேயே மணிப்பாலில் வழிகாட்டிய மாநிலம் இது! பெருந்தொகை கட்டிப் படித்தவர் யாத்கிரிக்கு எதற்குப் போவார்? கட்டாய கிராமச் சேவைக்கு 2012-ல் சட்டம் போட்டார்கள். காலியிடம் இருந்தால் போதும் என்று 2023-ல் அதையும் தளர்த்தினார்கள்.

பெங்களூருக்கு என்று 2023 பிப்ரவரியில் 108 நம்ம கிளினிக்குகள் திறந்தார்கள். டாக்டர், நர்ஸ், லேப் டெக்னீஷியன், இலவச மருந்து. நல்ல காரியம், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அறிவித்த நேரம் காலை 9 முதல் மாலை 4.30 வரை. அந்த நேரத்தில் வீட்டில் இருக்கும் தொழிலாளி யார்? அது ஆபீஸ் நேரம். என்னைப் போன்ற குமாஸ்தாவுக்கு வகுத்தது, எனக்கோ வேறு டாக்டர் இருக்கிறார்.

நாம் கேட்பது புதுக் கட்டடம் அல்ல. கூலிக்காரர் குடியிருக்கும் பேட்டைகளில் கிளினிக் இரவு 9 மணிவரை திறந்திருக்க வேண்டும். அங்கே ஒப்பந்தத்தில் வேலை செய்யும் டாக்டரையும் நர்ஸையும் கசக்கிப் பிழிந்து அல்ல. இரண்டாவது ஷிப்டுக்கு ஆள் போட்டு. ரயில் ஓடுவது ஷிப்டில்தானே.

மனுவைக் கன்னடத்தில் எழுதித் தர ராய்ச்சூர் தோழர் ஒருவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். முதல் கையெழுத்தும் அவருடையதே. இந்த வாரம் சந்து சந்தாக வருகிறோம், எட்டு மணிக்கு மேல்தான் வருவோம். அப்போதுதானே நீங்கள் வீட்டில் இருப்பீர்கள்.