நாடாளுமன்றம் தரும் திருநீறு

திருவானைக்காவல் கோயிலின் வெளிமதிலைத் திருநீற்றான் மதில் என்பார்கள். அதைக் கட்டிய கூலியாட்களுக்கு ஒரு சித்தர் திருநீற்றையே கூலியாகக் கொடுத்தாராம். அவரவர் செய்த வேலைக்குத் தக்கபடி அது பொன்னாக மாறியதாம். சித்தராக வந்தவர் சிவபெருமானே என்று கதையை முடிப்பார்கள். சின்ன வயதில் இதைக் கேட்டபோது எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. யாராவது ஒருவருக்குச் சாம்பல் சாம்பலாகவே இருந்திருந்தால்? விடை கதைக்குள்ளேயே இருக்கிறது. அவன் ஒழுங்காக வேலை செய்யவில்லை என்று அர்த்தம். கொடுத்தவர் மீது எந்தக் காலத்திலும் குற்றம் வராது.

உழைக்கும் மக்களைப் பற்றி ஒன்றிய அமைச்சர்கள் நாடாளுமன்றத்தில் சொல்லும் பதில்களைப் படிக்கும்போதெல்லாம் இந்த மதில்தான் நினைவுக்கு வருகிறது.

மதிலிலிருந்து அரை மணி நேரத் தொலைவில் திருச்சி விமான நிலையம். சிங்கப்பூர், கோலாலம்பூர், துபாய், சார்ஜா விமானங்களுக்கான வரிசையில் நின்று பாருங்கள். கயிறு கட்டிய அட்டைப்பெட்டி, அதன்மேல் ஸ்கெட்ச் பேனாவில் பெரிதாக எழுதிய பெயரும் ஊரும். கம்பி கட்டவும், சாரம் ஏறவும், கழிவறை கழுவவும் போகிறவர்கள். இவர்கள் விமானம் ஏறிய நொடியில் தொழிலாளர் என்ற தகுதி பின்னுக்குப் போய்விடுகிறது. அதுவரை தொழிலாளர் துறையின் ஆளாக இருந்தவர், அதன்பின் வெளியுறவுத் துறையின் கோப்பாகிறார்.

2024 ஜூன் 12 அதிகாலை குவைத்தின் மங்காஃப் பகுதியில் தொழிலாளர் குடியிருப்பு தீப்பற்றி எரிந்தது. 45 இந்தியர்களின் உடல்களை விமானப்படை விமானம் கொச்சிக்குக் கொண்டுவந்தது. அவர்களில் ஏழு பேர் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்கள். திருச்சி மாவட்டத்துக்காரரும் அதில் உண்டு. உடல்களை விரைவாகக் கொண்டுவந்தது நல்ல காரியம்தான். ஆனால் ஒரே கட்டடத்தில் ஏறக்குறைய 200 பேரை அடைத்து வைத்திருந்ததை, தீப்பிடிப்பதற்கு முன் யார் பார்த்திருக்க வேண்டும்? அவர்களை அனுப்பிய நாட்டுக்கு அதில் பொறுப்பே இல்லையா?

இப்படிப்பட்ட கேள்விகளுக்கு நாடாளுமன்றத்தில் ஓர் அச்சு வார்ப்புப் பதில் இருக்கிறது. வெளிநாட்டில் எத்தனை பேர் இறந்தார்கள் என்று உறுப்பினர் கேட்டால், நாடு வாரியாக, ஆண்டு வாரியாக ஓர் அட்டவணை வரும். தூதரகங்கள் தொடர்ந்து கவனித்து வருகின்றன, உதவி எண் இருக்கிறது, காப்பீடு இருக்கிறது என்று நான்கு வரிகள் வரும். வேலை நிலைமையைக் கேட்டால் அது அந்நாட்டுச் சட்டத்துக்கு உட்பட்டது. உள்நாட்டுக் கூலியைக் கேட்டால் அது தொழிலாளர் துறைக்கு உரியது. சாதியைக் கேட்டால் அது சமூக நீதித் துறையின் வேலை. மூன்று துறைகளுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில்தான் நம் ஆட்கள் விழுகிறார்கள்.

பதிலே சொல்லாமல் பதில் சொல்லும் கலைக்கு 2020 செப்டம்பரை விடச் சிறந்த எடுத்துக்காட்டு கிடையாது. கொரோனாவைக் காரணம் காட்டி அந்தக் கூட்டத்தொடரில் கேள்வி நேரத்தையே எடுத்துவிட்டார்கள். எழுத்துப்பூர்வமான பதில் மட்டும் வரும். எழுந்து நின்று துணைக்கேள்வி கேட்க முடியாது. ஊரடங்கில் நடந்தே ஊர் திரும்பிய புலம்பெயர் தொழிலாளர்கள் எத்தனை பேர் இறந்தார்கள் என்ற கேள்விக்குச் செப்டம்பர் 14 அன்று தொழிலாளர் அமைச்சகம் தந்த பதில்: அப்படிப்பட்ட விவரம் பராமரிக்கப்படவில்லை. விவரம் இல்லாததால் இழப்பீடு என்ற கேள்வியே எழவில்லை. அடுத்த பத்து நாட்களுக்குள், எதிர்க்கட்சிகள் வெளியேறியிருந்த அவையில், மூன்று தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நிறைவேறின. 2025 நவம்பர் 21 முதல் அவை நடைமுறைக்கும் வந்துவிட்டன. செத்தவர்களை எண்ண நேரமில்லாத அரசுக்கு, இருப்பவர்களின் சட்டத்தை மாற்ற நேரம் இருந்தது.

எண்ணினால் என்ன ஆகும் என்பதும் நமக்குத் தெரியும். 2021 ஜூலையில் மாநிலங்களவையில் சமூக நீதித் துறை இணையமைச்சர் ராம்தாஸ் அத்வாலே, கையால் மலம் அள்ளியதால் யாரும் இறந்ததாகத் தகவல் இல்லை என்றார். சாக்கடைக் குழியில் இறங்கி இறந்தவர்கள் வேறு தலைப்பில் போய்விட்டார்கள். அதே ஆண்டு டிசம்பரில், இந்தத் தொழிலில் இருப்பவர்களின் சாதி விவரம் கேட்கப்பட்டது. சாதி விவரம் கிடைத்த 43,797 பேரில் 42,594 பேர் பட்டியல் சாதியினர் என்று அதே அமைச்சகம் பதில் தந்தது. நூற்றுக்குத் தொண்ணூற்றேழு. கேள்வியில் சாதி இருந்தது, பதிலிலும் சாதி வந்தது.

வெளியுறவுத் துறையிடம் இந்தக் கேள்வி போவதில்லை. ஆனால் அங்கேயும் ஒரு பிரிவினை ஏற்கெனவே நடந்துகொண்டுதான் இருக்கிறது. 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்படி, பத்தாம் வகுப்பு தேறாதவர் வளைகுடா நாடுகள், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசின் தனி அனுமதி வாங்க வேண்டும். அவர் பாஸ்போர்ட்டின் வகையே வேறு. 2018 ஜனவரியில் இன்னும் ஒரு படி போய், இவர்களுக்கு மட்டும் ஆரஞ்சு நிற பாஸ்போர்ட் தரப்போவதாக அறிவித்தார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் அந்த மாத முடிவிலேயே பின்வாங்கினார்கள். தேநீர்க் கடையில் இரட்டைக் குவளையைப் பார்த்த நமக்கு, ஆரஞ்சு அட்டை என்றால் என்னவென்று யாரும் விளக்கத் தேவையில்லை. பத்தாம் வகுப்பைத் தாண்ட முடியாமல் இந்த நாட்டில் நின்றவர்கள் எந்தத் தெருப் பிள்ளைகள்?

"அந்த அனுமதி முறை ஏழைகளின் பாதுகாப்புக்குத்தானே?" என்று தோழர்கள் சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. நோக்கம் அதுதான், அதை ஒழிக்கச் சொல்லவும் இல்லை. ஆனால் அந்தப் பாதுகாப்பு விமான நிலைய வாசலோடு முடிந்துவிடுகிறது. ஆள் சேர்க்கும் முகவர் 30,000 ரூபாய்க்கும் வரிக்கும் மேல் கட்டணம் வாங்கக் கூடாது என்பது விதி. லட்சங்களைக் கொடுத்துவிட்டு, அந்தக் கடனை அடைக்கவே முதல் ஒப்பந்த காலம் முழுக்க உழைக்கும் குடும்பங்கள் நம் ஊர்களில் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. நிலமோ நகையோ வைத்திருப்பவர் அடகு வைக்கிறார். எதுவும் இல்லாதவர் கந்து வட்டிக்கு வாங்குகிறார். யாருக்கு எது இருக்கிறது என்பதில் சாதி இல்லையா?

வெளியுறவுக் கொள்கைக்கும் கூலிக்காரனுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்களுக்கு அண்ணல் அம்பேத்கர் எப்போதோ பதில் சொல்லிவிட்டார். 1951இல் அமைச்சரவையிலிருந்து விலகியபோது அவர் அடுக்கிய காரணங்களில் இந்து சட்டத் தொகுப்பு மட்டும் இல்லை, வெளியுறவுக் கொள்கையும் இருந்தது. ஆண்டு வருவாய் 350 கோடியில் 180 கோடி ராணுவத்துக்குப் போகிறதே என்று கணக்குப் போட்டுக் காட்டினார். அந்த அறிக்கையை அவையில் வாசிக்க முடியாமல் வெளியே வந்து பத்திரிகையாளர்களிடம்தான் கொடுத்தார்.

அதற்கு முன், 1942 முதல் 1946 வரை, தொழிலாளர் துறையைப் பார்த்தபோது பதில் சொல்லும் இடத்திலும் அவர் இருந்திருக்கிறார். போரைக் காரணம் காட்டி 1943இல் பெண்கள் நிலக்கரிச் சுரங்கத்தின் அடியில் வேலை செய்வதற்கு இருந்த தடை நீக்கப்பட்டது. 1944 பிப்ரவரியில் அவையில் கண்டனம் எழுந்தபோது, தகவல் இல்லை என்று அவர் தப்பிக்கவில்லை. ஏன் அந்த முடிவு, அது தற்காலிகமே, ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே வேலைக்கு ஒரே கூலி என்று விவரம் வைத்து வாதாடினார். அந்த முடிவு சரியா என்று நாம் இன்றும் சண்டை போடலாம். சண்டை போட முடிகிறதே, அதுதான் பதிலுக்கு அடையாளம்.

இனி செய்ய வேண்டியது என்ன? சாதிவாரிக் கணக்கெடுப்பு வரப்போகிறது என்று நிம்மதியாக இருக்க வேண்டாம். அது நாட்டுக்குள் வசிப்பவர்களை எண்ணும். குவைத் குடியிருப்பில் ஆறாவது கட்டிலில் படுத்திருப்பவரை எண்ணாது. 1983ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாகப் புதிய மசோதாவின் வரைவையும் 2025 அக்டோபரில் வெளியிட்டுவிட்டார்கள். அது சட்டமாவதற்கு முன் நம் கோரிக்கை உள்ளே போக வேண்டும். பாஸ்போர்ட்டில் சாதியை அச்சடிக்கச் சொல்லவில்லை. பதிவேட்டில் எண்ணி, மொத்தக் கணக்காக வெளியிடச் சொல்கிறோம். முகத்தில் ஒட்டினால் அது இழிவு. கணக்கில் எழுதினால் அது உரிமைக்கான சான்று.

1946 செப்டம்பர் 5 அன்று பொன்மலை சங்கத் திடலில் ஐந்து ரயில்வே தொழிலாளர்கள் துப்பாக்கிச் சூட்டில் உயிர்விட்டார்கள். அந்தத் தொழிலாளர்களின் தலைவர்களில் ஒருவரான ஆனந்தன் நம்பியாரை 1962இலும் 1967இலும் நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய ஊர் இது. ஆகவே கேட்கத் தெரியாத ஊர் என்று சொல்ல முடியாது. உங்கள் தொகுதி உறுப்பினருக்கு இன்றே ஒரு கடிதம் எழுதுங்கள். கேள்வி இவ்வளவுதான்: தனி அனுமதி பெற்று வெளிநாட்டு வேலைக்குப் போனவர்களிலும், அங்கே இறந்தவர்களிலும் பட்டியல் சாதி, பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர் எத்தனை பேர்? விவரம் இல்லையென்றால், எந்தத் தேதியிலிருந்து சேகரிக்கப்படும்? கூடவே, நட்சத்திரக் கேள்வியாகக் கொடுக்கச் சொல்லுங்கள். அப்போதுதான் அமைச்சர் எழுந்து வாயால் பதில் சொல்ல வேண்டிவரும், துணைக்கேள்வியும் கேட்கலாம்.

கையில் சாம்பல் வந்தால், அது பொன்னாகும் என்று காத்திருக்காமல், அதே அவையில் அடுத்த கேள்வியைக் கேட்போம்.