முதலில் அம்மாவின் சம்பளச் சீட்டு

லீவுக்கு ஹட்டன் வந்தால் தம்பி தங்கைகளிடமிருந்து ஒரே கேள்விதான்: "அண்ணே, இப்பவே இன்டர்வியூவுக்குப் போகலாமா, இன்னொரு கோர்ஸ் முடிக்கணுமா?" மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் இலவச இணையவழிப் பாடநெறியை முடித்துச் சான்றிதழ் வைத்திருப்பவர்களும் இதையே கேட்கிறார்கள். கொழும்பில் மென்பொருள் வேலைக்கு ஆள் எடுக்கும் மேசையில் உட்காருபவன் சொல்கிறேன்: இன்னொரு கோர்ஸ் வேண்டாம்.

அதற்குப் பதில், தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்யும் அம்மாவின் சம்பளச் சீட்டை எடுங்கள். வேலை நாள், அரைப்பேர் (அரைநாள் சம்பளம்), மேலதிகமாகப் பறித்த கொழுந்தின் கிலோ, ஊழியர் சேமலாப நிதிக்குப் பிடிக்கும் 8 சதவீதம், அட்வான்ஸ். இவற்றைக் கணக்கிடும் சிறு செயலி ஒன்றை எழுதுங்கள். 2021இல் 1000 ரூபாயான நாட்சம்பளம் 2024இல் 1350 ஆனது. அதை ஓரிடத்தில் திருத்தினால் போதுமா, பத்து இடத்தில் தேட வேண்டுமா? பழைய மாதத்துச் சீட்டுக்குப் பழைய சம்பளத்திலேயே கணக்கு வருமா? கிலோ இடத்தில் யாராவது எழுத்தைத் தட்டினால்? பக்கத்து லயக் காம்பிரா அக்கா தன் போனில் பயன்படுத்திப் பார்த்துத் திட்டட்டும். திட்டியதைத் திருத்துங்கள்.

ஏன் அப்படி எழுதினீர்கள் என்று உங்கள் வாயால் விளக்க முடிந்தால் விண்ணப்பியுங்கள். கூகுளில் தேடுவது குற்றமில்லை, நானும் தினமும் தேடுகிறேன். இங்கிலீஷ் தடுமாறுமா? தடுமாறட்டும். கொழும்புப் பையன்களும் தடுமாறுகிறார்கள், நம்மைவிடச் சத்தமாக.

விண்ணப்பத்தில் சான்றிதழ்களுக்கு மேலே அந்தச் செயலியின் இணைப்பைப் போடுங்கள். நான் முதலில் திறப்பது அதைத்தான்.