இடம் கிடைக்காத பிள்ளையை மறவாதீர்

எஸ்.பி.எம். பரீட்சை முடிவு வெளியானதும் நமது தோட்டங்களில் ஒரு வழக்கம் உண்டு. அதிக 'ஏ' வாங்கிய பிள்ளையைக் கோயில் மண்டபத்துக்கு அழைத்து மாலை போடுவோம், சங்கக் கிளையின் சார்பில் உறையில் பணம் வைத்துக் கொடுப்போம், படம் பிடித்துக்கொள்வோம். கிளைச் செயலாளன் என்ற முறையில் அந்த மேடையில் நானும் பேசியவன்தான். ஆனால் மாலை வாடிய பிறகு அந்தப் பிள்ளைக்கு என்ன ஆயிற்று என்று நம்மில் எத்தனை பேர் விசாரிக்கிறோம்?

எங்கள் தோட்டத்தில் பால்மரம் வெட்டும் அண்ணன் ஒருவரின் மகள் எட்டு 'ஏ' பெற்றாள். டாக்டராக வேண்டுமென்பது அவளுடைய ஆசை. மெட்ரிக்குலேஷனுக்கு மனுப் போட்டது என் மேசையில்தான். இடமில்லை என்று பதில் வந்தது. ஒரு வாரம் அந்தப் பெண் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. தகப்பனார் பிரட்டு முடிந்ததும் ஆபீஸ் படியருகில் வந்து நின்றார்.

"கிராணி, சேமநிதியில இருக்கிறத எடுத்துத் தனியார் காலேஜில சேத்துடலாமா? பத்தலைன்னா கடன் வாங்கிக்கிறேன்."

"ஆறாம் படிவம் இருக்கே, அண்ணே."

"அது இடம் கிடைக்காத பிள்ளைங்க போறதுதானே?"

இந்த எண்ணந்தான் நம்மைக் கெடுக்கிறது. ஆறாம் படிவத்து எஸ்.டி.பி.எம். பரீட்சை 1982-இல் பழைய எச்.எஸ்.சி.க்குப் பதிலாக வந்தது. இந்நாட்டுப் பல்கலைக்கழகங்களும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களும் ஏற்கும் பரீட்சை அது. மருத்துவத்துக்கு அதிலிருந்தும் போகிறார்கள். மெட்ரிக்குலேஷன் பெரும்பாலோருக்கு ஓராண்டுப் படிப்பு. இது ஒன்றரை ஆண்டு. கடினமானதுதான், மறைப்பானேன்? நான் எழுதிய காலத்தில் முழுப் படிப்புக்கும் கடைசியில் ஒரே பரீட்சை. கணிதத்தில் விழுந்தேன். மறுபடி எழுதலாம் என்று சொல்ல ஆளில்லை. செக்ரோல் எழுத வந்துவிட்டேன். 2012 முதல் அப்படியில்லை. மூன்று பருவமாகப் பிரித்துவிட்டார்கள். ஒரு பருவத்தில் சறுக்கினால் மறுபரீட்சை எழுதலாம். இந்தச் செய்தி எத்தனை லயங்களுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது?

ஆறாம் படிவம் இருக்கிறதே என்பதற்காக மெட்ரிக்குலேஷன் அநீதியை ஏற்றுக்கொள் என்று நான் சொல்லவில்லை. 2019-இல் இடங்களை 25,000-இலிருந்து 40,000 ஆக உயர்த்தினார்கள்; 90-க்கு 10 என்ற பங்கீடு மட்டும் அசையவில்லை. 2024-இல் பத்து 'ஏ' பெற்ற மாணவர் அனைவருக்கும் இனம் பாராமல் இடம் என்று அமைச்சரவை முடிவு செய்தது. வரவேற்போம். ஆனால் ஒன்பது பாடம் மட்டும் எழுதிய பிள்ளை பத்து 'ஏ'வுக்கு எங்கே போகும்? இதைச் சங்கம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கேட்டால் பலனுண்டு. ஒரு காலத்தில் ஆறாம் வகுப்பு முடிவில் நுழைவுப் பரீட்சை ஒன்று இருந்தது. அதில் விழுந்த தோட்டத்துப் பிள்ளைகள் பலர் பன்னிரண்டு வயதில் பால் வாளி தூக்கினார்கள். 1964-இல் அந்தப் பரீட்சை ஒழிந்தது.

நாம் கவனிக்காத இன்னொரு விஷயம் உண்டு. எஸ்.டி.பி.எம். முடித்துப் பல்கலைக்கழகத்துக்கு மனுப் போடும்போது நூற்றுக்குப் பத்துப் புள்ளி புறப்பாட நடவடிக்கைக்குப் போகிறது. சாரணர், செம்பிறை, விளையாட்டு, பேச்சுப் போட்டி எல்லாம் அதில் சேரும். தோட்டத்துப் பிள்ளை என்ன செய்கிறது? பள்ளி பஸ் மத்தியானம் கிளம்பிவிடும். அதை விட்டால் டவுனிலிருந்து வீடு திரும்ப வழியில்லை. பொம்பிளைப் பிள்ளையென்றால் தாய் விடமாட்டாள். ஆகவே ஐந்து வருஷமும் புறப்பாடம் வெறும் பெயரளவில் போய்விடுகிறது. அரைப் புள்ளியில் இடம் தவறும் பரீட்சையில், புத்தியில் தோற்காத பிள்ளை பஸ்ஸினால் தோற்கிறது!

டாக்டர் வேலை ஒன்றுதான் வேலையா என்பதையும் பெற்றோர் யோசிக்க வேண்டும். 2016 முடிவிலிருந்து புதிய டாக்டர்களை அரசாங்கம் ஒப்பந்தத்தில் எடுக்கத் தொடங்கியது. 2021 ஜூலை 26-ஆம் நாள் அந்த ஒப்பந்த டாக்டர்கள் நாடு முழுவதும் ஆஸ்பத்திரிகளில் வேலையை நிறுத்தி வெளியே வந்து நின்றார்கள். அத்தனை வருஷம் படித்தவர்களுக்கும் நம்மைப் போலவே வேலை நிரந்தரப் போராட்டம்! ஆசைப்பட்ட பிள்ளையைத் தடுக்க இதைச் சொல்லவில்லை. தகப்பனார் சேமநிதியைத் துடைத்து எடுக்குமுன் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் சொல்கிறேன். உதவி மருத்துவ அதிகாரிக்கு எஸ்.பி.எம். முடித்து மூன்றாண்டு டிப்ளோமா போதும். முன்பு நம் தோட்ட ஆஸ்பத்திரியில் டிரசர் ஐயாவுக்கு இருந்த மரியாதையைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

நம் கிளைகள் செய்யவேண்டியது முடிவு வந்த பிறகு மாலை வாங்குவது மட்டுமல்ல. முடிவுக்கு முன்பே நாலாம், ஐந்தாம் படிவத்துப் பெற்றோரைக் கூட்டி இவற்றையெல்லாம் சொல்ல வேண்டும். இடம் கிடைக்காத பிள்ளையின் வீட்டுக்கும் கமிட்டியிலிருந்து இருவர் போக வேண்டும். எங்கள் கிளையில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவருகிறேன். பரிசுப் பணத்தைக் குறைப்பதா என்று சிலர் கோபிப்பார்கள், கோபிக்கட்டும்.

அந்தப் பெண் இப்போது ஆறாம் படிவத்தில் படிக்கிறாள். முதல் பருவப் பரீட்சை இன்னும் வரவில்லை. புதன்கிழமைகளில் புறப்பாடம் முடிந்து சாயந்தரம் பிள்ளைகளை ஏற்றி வர மாதம் எத்தனை வெள்ளி ஆகும் என்று வேன்காரரிடம் கேட்டிருக்கிறேன்.